எட்டாம் இலக்க ஊசி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில், மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, மத்தியகாலப் பாணியிலான முக்காட்டுக் கழுத்துப் போர்வையைக் கம்பளி நூலில் பின்னுவதற்கான குறிப்பைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தோள், கழுத்து, தலை ஆகிய மூன்றையும் ஒரே துண்டாக மூடி, முகத்தை மாத்திரம் திறந்துவிடும் அந்த ஆடையின் படம் பார்த்தவுடனேயே பின்னத் தூண்டுவதாக இருந்தது. கொழும்பின் வெக்கையில் இதை யார் போடப்போகிறார்கள் என்று என் வீட்டிலேயே சிரிப்பு எழுந்தது உண்மைதான். ஆயினும், பிள்ளையோ பேரப்பிள்ளையோ குளிர்நாடொன்றில் இல்லாத வீட்டை வெள்ளவத்தையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரொறன்ரோவில் படிக்கும் என் பேத்திக்கு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினேன். "அம்மம்மா, இது எனக்கு வேணும்" என்று அன்றிரவே பதில் வந்துவிட்டது.

நான் பாடசாலைகளில் மனையியலும் தையலும் கற்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் பெண்கள் ஐவர், சனிக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடி, தேநீரும் கதையுமாகப் பின்னிக்கொண்டிருப்போம். ஐவரில் மூவர் தங்கள் குறிப்பைக் கையில் எடுத்தோம். 8ஆம் இலக்க ஊசியும் நடுத்தரக் கம்பளி நூலும் எடுத்துக்கொள்ள வேண்டும்; தோளின் கீழ்விளிம்புக்கு 196 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஊசியில் ஏற்றி, சீராகக் குறைத்துக்கொண்டு வந்து, கழுத்தில் 108 கண்ணிகளாக்க வேண்டும்; அதன்பின் தலைப்பகுதியைப் பின்ன வேண்டும் என்பதே குறிப்பின் சாரம். நூலின் பருமன் எவ்வளவு, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணிகள் வரவேண்டும், முடிந்த ஆடையின் கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்பவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மூன்று கிழமைகளுக்குப் பின் மூன்று முக்காடுகளையும் மேசையில் விரித்து வைத்தபோது, ஒரே குறிப்பிலிருந்து வந்தவை என்று சொன்னால் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஒன்றின் கழுத்துச் சுற்றளவு 49 சென்ரிமீற்றர், மற்றொன்று 60, மூன்றாவது 77. வளர்ந்த ஒருவரின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 56 சென்ரிமீற்றர் என்பதை மனதிற் கொண்டால், முதலாவதைத் தலைவழியாக இழுத்து இறக்குவதே பெரும்பாடு என்பதும், மூன்றாவது மூக்குவரை சரிந்து விழும் என்பதும் விளங்கும். அந்த 49 சென்ரிமீற்றர் முக்காடு நான் பின்னியது. எத்தனையோ மாணவிகளுக்கு "முதலில் மாதிரித் துண்டு பின்னிப் பார்" என்று சொல்லிக் கொடுத்தவள், பத்திரிகையில் அச்சாகியிருக்கிறதே என்ற நம்பிக்கையில், அந்தத் துண்டைப் பின்னாமலே தொடங்கிவிட்டேன். ஆகவே குற்றத்தில் ஒரு பாதியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மறு பாதி அந்த "8ஆம் இலக்க ஊசி" என்ற சொற்களில் இருக்கிறது. என்னிடம் உள்ளவை என் தாயார் பயன்படுத்திய சாம்பல் நிற உலோக ஊசிகள். அவற்றின் தலையில் 8 என்று பொறித்திருக்கிறது. அது பழைய பிரித்தானிய இலக்கம். அதன் விட்டம் 4 மில்லிமீற்றர். அமெரிக்க முறையிலோ 8 என்பது 5 மில்லிமீற்றர் ஊசியைக் குறிக்கும். பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி தடிக்கும். இரண்டு முறைகளும் எதிரெதிராக நடந்துவந்து ஒன்றையொன்று கடந்து செல்வதால், பிரித்தானிய 6ஆம் இலக்கமும் அமெரிக்க 8ஆம் இலக்கமும் ஒரே 5 மில்லிமீற்றர் ஊசியாகவும், பிரித்தானிய 8ஆம் இலக்கமும் அமெரிக்க 6ஆம் இலக்கமும் ஒரே 4 மில்லிமீற்றர் ஊசியாகவும் அமைந்துவிடுகின்றன. இந்த 6, 8 குழப்பத்தில் விழுந்தெழாத பின்னற்காரி இருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன். குறிப்பை எழுதியவர் அமெரிக்க முறையைப் பின்பற்றிய ஏதோ ஒன்றிலிருந்து எடுத்துத் தமிழாக்கியிருக்கிறார் என்பது என் ஊகம். எங்கள் தாய்மாரின் ஊசிப் பெட்டிகளில் இருப்பவையோ இங்கிலாந்திலிருந்து வந்தவை. மில்லிமீற்றரில் ஒரேயோர் எண்ணை அச்சிட்டிருந்தால் இக்கடிதத்தின் பாதி தேவைப்பட்டிராது.

நூலின் கதை இன்னும் சிக்கலானது. புறக்கோட்டையில் நான் வாங்கிய உருண்டையின் சுற்றுத்தாளில் 100 கிராம், அக்ரிலிக் என்பவற்றைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. கையால் தடவிப் பார்த்தால், டபிள் நிட்டிங் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பருமன். அந்த நூலில் 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னினால் 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணிகள் வரும். அதைவிடச் சற்றுத் தடித்த ஏரன் நூலில், 5 மில்லிமீற்றர் ஊசியால், 18 கண்ணிகள் வரும். மிகத் தடித்த நூலில், 6.5 மில்லிமீற்றர் ஊசியால், 14 கண்ணிகள்தான் வரும். இப்போது 108 கண்ணிகளை இம்மூன்றாலும் வகுத்துப் பாருங்கள்: 49, 60, 77. எங்கள் மேசையில் கிடந்த மூன்று முக்காடுகளும் இந்தக் கணக்கையே அப்படியே காட்டின. குறிப்பில் "நடுத்தர நூல்" என்றிருந்ததை மூவரும் மூன்று விதமாக விளங்கிக்கொண்டோம். அம்மூன்றும் கடைக்காரர் நடுத்தரம் என்று எடுத்துக் கொடுத்தவையே.

எனவே, கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொடுப்பது, சமையற் குறிப்பில் அரிசியின் அளவைச் சொல்லாமல் "மூன்று பேணி தண்ணீர் விடவும்" என்று எழுதுவதற்குச் சமம். வாசகர் செய்ய வேண்டியது பெரிய வேலையுமன்று. 30 கண்ணிகள் ஏற்றி, 12 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பின்னி, அத்துண்டைக் கழுவி நிழலில் உலர்த்தி, விளிம்புகளை விட்டுவிட்டு நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். அந்த எண்ணைத் தேவையான சுற்றளவால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஏற்ற வேண்டிய கண்ணிகள் கிடைத்துவிடும். கழுவாமல் அளப்பவர்கள் பிறகு என்னைக் குறை கூறக்கூடாது. கழுவியபின் நூல் தளர்வதும் உண்டு, இறுகுவதும் உண்டு. நிட் எனப்படும் நேர்ப்பின்னல் வரியைவிட, பேர்ள் எனப்படும் எதிர்ப்பின்னல் வரியைத் தளர்வாகப் பின்னும் கை பலருக்கு இருக்கிறது. வட்ட ஊசியில் சுற்றாகப் பின்னும்போது எல்லாமே நிட் ஆகிவிடுவதால், அவர்களுடைய துண்டின் அளவும் ஆடையின் அளவும் சற்றே வேறுபடும். அத்தகையோர் மாதிரித் துண்டையும் சுற்றாகவே பின்னிப் பார்ப்பது நல்லது.

இனி, குறிப்பின் முன்னுரைக்கு வருகிறேன். மத்தியகால ஐரோப்பியப் பெண்கள் குளிர்கால இரவுகளில் கணப்பருகே அமர்ந்து இத்தகைய முக்காடுகளைப் பின்னினர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வாசிப்பதற்கு இனிமையான காட்சி. ஆனால் இன்று நம் பார்வைக்குக் கிடைக்கும் மத்தியகால முக்காடுகள் பின்னப்பட்டவை அல்ல. பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்த கம்பளித் துணியை வெட்டித் தைத்தவை. 1921இல் போல் நோர்லுண்ட் என்னும் டென்மார்க் ஆய்வாளர், கிறீன்லாந்தின் தென்முனையிலுள்ள ஹெர்யொல்ஸ்னெஸ் என்ற இடத்தில், பழைய நோர்டிக் குடியிருப்பின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை அகழ்ந்தார். அங்கே இறந்தவர்கள் பலர் பேழையில் வைக்கப்படாமல் உடுத்த உடைகளிலேயே சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தார்கள். உறைந்த நிலம் அந்த உடைகளை அழியாமற் காத்துக் கொடுத்தது. நீண்ட அங்கிகளோடு பல முக்காடுகளும் வெளிவந்தன. அவை இன்று கொப்பன்ஹேகனில் உள்ள தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பின்னுச்சியிலிருந்து, லிரிபைப் எனப்படும் நீண்ட வால் ஒன்று தொங்குகிறது. சுவீடனின் வார்பெரி நகருக்கருகே பொக்ஸ்ரென் என்ற சதுப்பு நிலத்தில் 1936இல் கண்டெடுக்கப்பட்ட 14ஆம் நூற்றாண்டு மனிதரின் முக்காட்டிலும் அத்தகைய வால் உண்டு. அதன் நீளம் 90 சென்ரிமீற்றர், அகலமோ 2 சென்ரிமீற்றர்தான். அதுவும் நெய்த துணியே.

பின்னல் அக்காலத்தில் இருக்கவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் மத்தியகாலத்தவை. அவற்றின் கோலங்களை இன்றைக்கும் பின்னுவது எளிதன்று. 1275இல் இறந்த காஸ்தீலிய இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறையிலிருந்து, ஸ்பெயினின் புர்கோஸ் நகரில், பட்டு நூலில் நுணுக்கமாகப் பின்னிய தலையணை உறை எடுக்கப்பட்டது. ஜேர்மனியின் ஹம்பர்க் நகர ஓவியக் கூடத்தில், மாஸ்டர் பேர்ட்ராம் என்ற ஓவியரின் பெயரால் அறியப்படும், 1400ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட பலிபீடப் படத்தொகுதி ஒன்று இருக்கிறது. அதில் மரியாள் சின்னஞ்சிறு சட்டையொன்றின் கழுத்தைப் பல ஊசிகளில் சுற்றாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். ஊசிகளைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், ஓவியர் பின்னலை அருகிலிருந்து பார்த்தவர் என்பது எனக்கு நிச்சயம். ஆக, காலுறையும் தலையணை உறையும் குழந்தைச் சட்டையும் அக்காலத்துப் பின்னலில் உண்டு. தோளையும் தலையையும் மூடும் முக்காடோ தறியிலிருந்தும் கத்தரிக்கோலிலிருந்தும் வந்தது. பின்னிய கம்பளித் தொப்பி பெருவழக்கான பின்னர், 1571இல் இங்கிலாந்தில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் ஞாயிறு தினங்களிலும் திருநாட்களிலும் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டுமென்று சட்டமே இயற்றினார்கள். 1597இல் அது நீக்கப்பட்டது. அப்போது மத்தியகாலம் முடிந்துவிட்டது.

பின்னுகிறவருக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ஆடையின் வடிவம் அதில்தான் இருக்கிறது என்பதே என் பதில். துணியை வெட்டித் தைத்த அந்த முக்காடுகளில், கழுத்தில் ஒட்டி நின்று தோளில் விரிவதற்காக, கழுத்துக்குக் கீழே துணியைக் கீறி முக்கோணத் துண்டுகளை இணைத்திருக்கிறார்கள். சட்டையின் கைக்குழிக்குக் கீழே நம் தையற்காரர்கள் வைக்கும் துண்டைப் போன்றது அது. இதனால் தோளின் மேல் துணி மடிப்பின்றிப் படிந்து, விளிம்பில் மட்டும் விரிந்து நிற்கும். தங்கள் குறிப்பிலோ 88 கண்ணிகளையும் சுற்று முழுவதும் சீராகப் பரப்பிக் குறைக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. அப்படிக் குறைத்ததால் எங்கள் மூவருடைய தோள்பகுதியும் நீற்றுப்பெட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு நேர்க்கூம்பாக வந்துவிட்டது. புட்டவிக்க நல்ல வடிவம், தோளுக்கு அன்று.

இரண்டாவது தடவை நான் வேறுவிதமாகப் பின்னினேன். அளவு பொருந்திய அந்த 60 சென்ரிமீற்றர்க் கழுத்தையும், 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகள் தரும் ஏரன் நூலையும் 5 மில்லிமீற்றர் வட்ட ஊசியையும் அடிப்படையாகக் கொண்டேன். தங்கள் குறிப்பிலுள்ள எண்ணிக்கை அதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. அந்தளவில் குறிப்பு பிழையானதன்று. 196 கண்ணிகள் ஏற்றிச் சுற்றாக இணைத்தால் கீழ்விளிம்பு 109 சென்ரிமீற்றர் வரும். விளிம்பு சுருளாமலிருக்க முதல் ஆறு சுற்றுகளை ஒரு நிட் சுற்று, ஒரு பேர்ள் சுற்று என மாறி மாறிப் பின்னினேன். அதன்பின் இரண்டு தோள்கள், முன்நடு, பின்நடு ஆகிய நான்கு இடங்களில் அடையாள வளையங்களை மாட்டி, நான்கு சுற்றுகளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கத்திலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினேன். ஒரு தடவைக்கு 8 கண்ணிகள் குறையும்; பதினொரு தடவையில் 88 குறைந்து 108 எஞ்சும். அந்நான்கு கோடுகளும் முக்கோணத் துண்டின் தையலைப் போலவே கீழிருந்து மேலேறிக் கழுத்தில் வந்து சேர்வதைப் பார்த்தபோது, கிறீன்லாந்துத் தையற்காரர் யாரென்று தெரியாவிட்டாலும் அவருக்கு மனதார ஒரு வணக்கம் சொன்னேன்.

கழுத்தை 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நேராகப் பின்னி, கடைசி நான்கு சுற்றுகளில் முன்நடுவின் 12 கண்ணிகளையும் அவற்றின் இரு பக்கத்திலும் ஐந்தைந்து கண்ணிகளையும் கீழ்விளிம்பைப் போலவே வரம்பாக்கிக்கொண்டு, பின்னர் அந்த 12 கண்ணிகளையும் அடைத்துவிட வேண்டும். அதுவே முகத்தின் அடிவிளிம்பு. எஞ்சிய 96 கண்ணிகளைப் போய்த்திரும்பிப் பின்னும்போது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து கண்ணிகளை எப்போதும் நிட் ஆகவே வைத்தால், முகத்தைச் சுற்றிய விளிம்பு சுருளாது. 34 சென்ரிமீற்றர் உயர்ந்ததும், துண்டை இரண்டாக மடித்து, 48 கண்ணிகளை மற்ற 48 கண்ணிகளோடு உட்புறமாகச் சேர்த்து அடைத்தால் உச்சி மூடப்படும். மடித்த துண்டின் பின்மூலை தானாகவே கூம்பி நிற்கும்; ஓவியங்களில் நாம் காணும் கூர்முனை அதுதான், அதற்கென்று தனி வேலை எதுவும் இல்லை. டபிள் நிட்டிங் நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் மாத்திரமே கைவசமுள்ளவர்கள் 236 கண்ணிகளில் தொடங்கி, பதின்மூன்று தடவை குறைத்து 132க்கு வந்து, முன்நடுவில் 14 கண்ணிகளை அடைத்து, 118 கண்ணிகளில் தலைப்பகுதியைப் பின்னினால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும். எனக்கு ஏரன் நூல் 310 கிராம் செலவாயிற்று.

லிரிபைப் என்ற அந்த வாலைப் பற்றி என் பேத்திக்கும் எனக்கும் இடையே சிறு வழக்கு நடந்தது. அவளுக்குப் பொக்ஸ்ரென் மனிதரைப் போல 90 சென்ரிமீற்றர் வால் வேண்டும். தினமும் பாதாள ரயிலில் போய்வருகிற பிள்ளையின் முதுகில், கதவிடுக்கில் அகப்படக்கூடிய அவ்வளவு நீளமான வாலைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. பின்மூலையில் 16 கண்ணிகளை எடுத்து, நான்கு சிறு ஊசிகளில் சுற்றாகப் பின்னி, இடையிடையே குறைத்து, 12 சென்ரிமீற்றரில் முடித்துவிட்டேன். அவள் அதை எலிவால் என்கிறாள். என் தீர்ப்பில் மாற்றமில்லை.

கொழும்பில் கம்பளி பின்னுபவர்களுக்கென்று சில தொல்லைகளும் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் இவை இருக்கமாட்டா. பின்னேரப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து உலோக ஊசியில் அக்ரிலிக் நூல் ஒட்டிக்கொள்ளும். கண்ணிகள் நகர மறுத்து, நம்மையறியாமலே பின்னல் இறுகிவிடும். காலையில் நான் பின்னிய பகுதிக்கும் பின்னேரம் பின்னிய பகுதிக்கும் கண்ணால் காணக்கூடிய வேறுபாடு இருந்தது. மூங்கில் ஊசிக்கு மாறிய பிறகு இத்தொல்லை குறைந்தது. முடிந்த முக்காட்டைச் சீராக்க மின்னழுத்தியைப் பிடிக்கவும் கூடாது. அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து, பின்னலின் துள்ளல் போய், ஈரச் சாக்குப் போலத் தொங்கிவிடும். பின் அதை மீட்க வழியில்லை. ஆட்டுக் கம்பளி அப்படியன்று. அதை நனைத்து, துவாயில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாக விரித்து உலரவிட்டால் விரும்பிய வடிவில் நிற்கும். ஆனால் அதை அலுமாரியில் பூச்சி அரிக்கும் என்பதால், அனுப்பும் நாள்வரை காய்ந்த வேப்பிலையோடு பொதிந்து வைக்க வேண்டியிருக்கிறது.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் குறிப்பின் உட்தலைப்பில் இந்த ஆடை "படமெடுத்த கழுத்துப்பட்டி" என்று பெயரிடப்பட்டிருந்தது. நாகம் விரிக்கும் படத்துக்கும் தலையை மூடும் முக்காட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் நேர்ந்த பிசகு அது; எங்கள் விறாந்தையில் அன்று வெகுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுப் பெயர் தேட வேண்டியதும் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் நான் கற்பித்த காலத்தில், மழைக்கால விடியல்களில், என் மாணவிகளின் தாய்மார் கம்பளியையோ சாக்கையோ ஒரு மூலையை உட்புறமாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். உச்சியில் கூர்முனை, முகத்துக்கு மட்டும் திறப்பு, தோளுக்குக் கீழே விரிவு: தைக்காமலே, ஊசி படாமலே, அதே வடிவம். அதைக் கொங்காணி என்பார்கள். குளிருக்கும் மழைக்கும் தலையில் கவிக்கும் உடைக்கு உழைக்கும் மக்களின் வாயில் வழங்கும் சொல் இருக்கும்போது, பின்னிய கொங்காணி என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. இது மத்தியகாலச் சொல் இல்லையே என்று யாரேனும் மறுத்தால், பின்னலும் மத்தியகால முக்காட்டினது இல்லையே என்று நான் திருப்பிச் சொல்வேன். பாணியை எடுத்துக்கொண்டு நமக்கேற்பச் செய்கிறோம். அதில் குறைவொன்றும் இல்லை. "மத்தியகாலப் பின்னல்" என்பதற்குப் பதிலாக "மத்தியகால முக்காட்டைப் பார்த்துப் பின்னியது" என்று அச்சிட்டால் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். மேற்படி குறிப்பை, ஊசியின் விட்டத்தை மில்லிமீற்றரிலும், நூலின் பருமனையும், 10 சென்ரிமீற்றருக்குரிய கண்ணிகளையும், முடிந்த ஆடையின் கழுத்து, தோள், உயரம் ஆகிய அளவுகளையும் சேர்த்து மறுபடி வெளியிட வேண்டும். இனி வரும் பின்னற் குறிப்புகளிலும் இவை இடம்பெற வேண்டும். நான்கு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது. படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும் வாசகியர் குறை சொல்லமாட்டார்கள். மகளிர் பக்கப் பொறுப்பாளர் விரும்பினால், மூன்று முக்காடுகளையும் அளவு நாடாவோடு தங்கள் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து காட்ட எங்கள் விறாந்தைக் குழு ஆயத்தமாக இருக்கிறது. 77 சென்ரிமீற்றர் முக்காட்டை அதன் சொந்தக்காரி ஒருநாள் இரவல் தரச் சம்மதித்துவிட்டார். நான் பின்னிய சின்னதை, இதற்காகவே, இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.